வண்டியைப் பிரிக்க ஓர் இடம் வேண்டும்

திண்டிவனத்துக்கும் மரக்காணத்துக்கும் நடுவில், பெருமுக்கல் மலை கண்ணில் படும் வட்டாரத்தில் இருக்கிறது பிரம்மதேசம். இதே விழுப்புரம் மாவட்டத்தில், எண்ணாயிரத்துக்குப் பக்கத்தில், சோழர் காலக் கோயில்களோடு இன்னொரு பிரம்மதேசமும் உண்டு. கல்வெட்டு தேடுகிறவர்கள் அங்கே போவார்கள். இந்தக் கட்டுரை திண்டிவனம் பக்கத்து ஊரையும், அதைச் சுற்றி வீட்டு வாசலில் லாரி நிறுத்தியிருக்கும் குடும்பங்களையும் பற்றியது.

மரக்காணத்து உப்பு, வானூர் பக்கத்துக் குவாரிகளின் ஜல்லி, எம்.சாண்ட், சூளைச் செங்கல், நெல், கரும்பு, பருவத்தில் மல்லாட்டை மூட்டை. இந்த வட்டாரத்தில் லோடுக்குப் பஞ்சம் இருந்ததில்லை. பெரிய கம்பெனி வண்டிகள் ஒரு பக்கம் ஓடட்டும். ஒரே ஒரு லாரியை வைத்துக்கொண்டு, தானே ஸ்டியரிங் பிடித்து, தானே டியூ கட்டி, தானே கிரீஸும் அடிக்கிற சொந்த வண்டிக்காரர்களைத்தான் நான் சொல்கிறேன். அவர்களுக்கு வண்டி பழுதானால் முதலில் எழும் கேள்வி, என்ன கோளாறு என்பதாக இருக்காது. அது பெரும்பாலும் அவர்களுக்கே தெரியும். எங்கே நிறுத்திப் பிரிப்பது, யாரைக் கூடக் கூப்பிடுவது என்பதுதான் கேள்வி.

உப்பு லோடு அடிக்கிற வண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். மூட்டையிலிருந்து கசியும் உப்புத் தண்ணீர் பாடிப் பலகையின் இடுக்கு வழியாகச் சேஸிஸ் மேல் சொட்டிக்கொண்டே இருக்கும். பிரேக் பைப், ஸ்பிரிங் பட்டைகளின் இடைவெளி, யு போல்ட்டின் மரை, வயரிங் ஜாயின்ட் எல்லாவற்றையும் அது மெதுவாகத் தின்னும். கடற்காற்று வேறு. ஜல்லி வண்டிக்கு வேறு நோய்: குவாரிப் பாதையின் குண்டும் குழியும் மெயின் பட்டையை முறிக்கும், சென்டர் போல்ட்டை அறுக்கும், புழுதி ஏர் ஃபில்டரை அடைக்கும். இவை எதுவும் திடீர் விபத்து கிடையாது. ஓட ஓட வருகிற வேலை. மாதத்தில் ஏதாவது ஒன்று வந்தே தீரும்.

வண்டி நின்றாலும் டியூ நிற்காது. கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் போவதென்றால் விழுப்புரம், புதுச்சேரி, சென்னை என்று நெடுஞ்சாலைப் பக்கம் போக வேண்டும். ஓடாத வண்டியை அங்கே இழுத்துக்கொண்டு போகிற செலவிலேயே பாதி வேலை முடிந்துவிடும். பத்துப் பதினைந்து வருடம் ஓடிய வண்டிக்கு அங்கே முன்னுரிமையும் கிடைப்பதில்லை. போதாததற்கு எஃப்.சி. என்கிற தகுதிச் சான்று வேறு. புது வண்டிக்கு முதல் எட்டு ஆண்டுகள் வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை. அதன் பிறகு ஒவ்வோர் ஆண்டும். 15 ஆண்டைத் தாண்டிய கனரக வண்டிக்கு எஃப்.சி. புதுப்பிக்கும் கட்டணத்தை 2022 ஏப்ரல் முதல் 12,500 ரூபாயாக மத்திய அரசு உயர்த்தி அறிவித்தது. டிங்கர், பெயிண்ட், பிரேக், லைட் என்று எஃப்.சி. வேலையில் செய்ய முடிந்ததைத் தானே செய்தால்தான் பழைய வண்டிக்காரர் தப்பிக்க முடியும். நம் ஊர்களில் சொந்தக் கையால் வண்டி வேலை பார்ப்பது பொழுதுபோக்கு அல்ல, பிழைப்பு.

இடம் என்றால் எப்படிப்பட்ட இடம்?

கிளட்ச் போடுகிற வேலையை உதாரணமாக எடுத்துக்கொண்டு பார்த்தால் இடத்தின் அருமை விளங்கும். ஜாயின்ட்டைக் கழற்ற வேண்டும். கியர் பாக்ஸை இறக்க வேண்டும். லாரி கியர் பாக்ஸ் நூறு கிலோவுக்கு மேல் கனக்கும். குழி இருந்தாலோ, செயின் பிளாக் தொங்கவிட வசதி இருந்தாலோதான் கையைக் காலை நசுக்காமல் இறக்க முடியும். பிறகு பிரஷர் பிளேட், கிளட்ச் பிளேட், ரிலீஸ் பேரிங். ஃப்ளைவீல் முகத்தில் வரி விழுந்திருந்தால் அதையும் கழற்றி லேத்துக்கு அனுப்ப வேண்டும். அது திரும்பி வரும்வரை வண்டி வயிற்றைத் திறந்து போட்டபடி நிற்கும். புது பிளேட்டை நடுவில் நிறுத்த ஒரு பழைய ஷாஃப்ட் துண்டு வேண்டும். அது இல்லாமல் கண் மட்டத்தில் மாட்டினால் கியர் பாக்ஸ் உள்ளே நுழையவே நுழையாது. அரை நாள் என்று தொடங்குகிற வேலை இரண்டு நாள் இழுப்பது சாதாரணம். அந்த இரண்டு நாளும் வண்டி ஒருவருக்கும் இடைஞ்சல் இல்லாமல், மழை வெயில் படாமல், கழற்றிய சாமான் காணாமல் போகாமல் நிற்க வேண்டும்.

வீட்டு வாசல் அதற்குத் தோதுப்படாது. தெரு குறுகல். தரையோ மண். மண் தரையில் ஜாக்கி வைத்தால், வண்டியின் கனம் ஏற ஏற ஜாக்கி சாய்ந்துகொண்டே கீழே இறங்கும். செம்மண் தரை வெயில் காலத்தில் கல் மாதிரி இருக்கும், ஒரு மழைக்கே குழைந்துவிடும். ரோட்டோரத்தில் செய்யலாமா என்றால், போக்குவரத்துக்கு இடைஞ்சலாக வண்டியை விட்டுவைப்பதற்கு மோட்டார் வாகனச் சட்டத்தில் அபராதம் உண்டு, இழுத்துப் போகிற செலவும் நம் தலையில் விழும். அபராதத்தை விடப் பெரியது உயிர். இரவில் நெடுஞ்சாலை ஓரம் டயர் கழற்றிக் கொண்டிருந்தவர் மேல் பின்னால் வந்த வண்டி ஏறிய செய்தியை நாம் எத்தனை முறை படித்துவிட்டோம். நெடுஞ்சாலையில் வண்டி நின்றுவிட்டால் 1033 என்ற எண்ணுக்கு அழையுங்கள். தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தின் உதவி எண் அது. ரோந்து வண்டிக்கும் கிரேனுக்கும் அதன் வழியாகச் சொல்லலாம். ரோட்டை விட்டு வண்டியை வெளியே எடுத்த பிறகுதான் ஸ்பேனரைக் கையில் எடுக்க வேண்டும்.

அப்படியானால் ஊரில் மிச்சம் இருக்கிற இடம் எது? ரைஸ் மில் முற்றம். அறுவடை இல்லாத நாளில் அது காலியாகக் கிடக்கும், தரை கெட்டியாக இருக்கும், கரண்ட் இருக்கும், வாட்ச்மேன் இருப்பார். எடை மேடைக்குப் பின்னால் உள்ள காலியிடம். மழைக்காலத்தில் வேலை நின்றுபோன செங்கல் சூளையின் கொட்டகை. டிராக்டர் வைத்திருக்கும் விவசாயியின் தகர ஷெட். மர வாடி. இவற்றின் சொந்தக்காரர்கள் அநேகமாக நம் லாரியில் லோடு ஏற்றினவர்களாகவே இருப்பார்கள். அந்தப் பழக்கம்தான் முதல் சாவி. "அண்ணே, ரெண்டு நாளைக்கு மில்லுல ஓரமா நிறுத்திக்கிறேன், கிளட்ச் வேலை, எண்ணெய் ஒரு சொட்டு கீழ விடமாட்டேன்" என்று கேட்டால் மறுக்கிறவர்கள் குறைவு. கரண்ட்டுக்கும் இடத்துக்கும் ஒரு தொகையைக் கேட்காமலேயே கொடுத்துவிட வேண்டும். அப்போதுதான் அடுத்த முறையும் கதவு திறக்கும்.

ஒன்றே ஒன்றை மட்டும் கைகூப்பிச் சொல்கிறேன். ஊர்க் களத்தில் வண்டியைப் பிரிக்காதீர்கள். சிமென்ட் தரை, ஊருக்கு வெளியே, யாரும் கேட்க மாட்டார்கள் என்று தோன்றும். அங்கேதான் நெல்லும் கேழ்வரகும் மல்லாட்டையும் காயப் போகின்றன. சிமென்ட்டில் ஊறிய இன்ஜின் ஆயில் எத்தனை கழுவினாலும் போகாது. அதே காரணத்துக்காக ஏரிக்கரை, குளத்தங்கரை, கிணற்று மேடும் வேண்டாம். கழுவேலி ஏரி 2021-ல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. இந்த வட்டாரத்து ஓடைத் தண்ணீர் போய்ச் சேருகிற பெரிய நீர்நிலை அது. வடித்த ஆயிலைப் பேரலில் பிடித்து, பழைய ஆயில் எடுக்கிற உரிமம் பெற்றவரிடம் கொடுத்தால் காசும் கிடைக்கும், தண்ணீரும் பிழைக்கும்.

ஆள் என்றால் எப்படிப்பட்ட ஆள்?

திண்டிவனம் ஒரு சந்திப்பு. சென்னை, விழுப்புரம், புதுச்சேரி, செஞ்சி வழியாகத் திருவண்ணாமலை, வந்தவாசி, மரக்காணம் என்று சாலைகள் அங்கே வந்து முட்டுகின்றன. லாரி கூடுகிற இடத்தில் பட்டறையும் கூடும். டீசல் பம்புக்கும் நாசிலுக்கும் தனி ஆள், லேத்துக்குத் தனி ஆள், ஸ்பிரிங் பட்டறை, ரேடியேட்டர், ஆட்டோ எலெக்ட்ரிக்கல், டிங்கர், குஷன், டயர் ரீட்ரேடிங் என்று வேலை பிரிந்து கிடப்பதே நம் ஊர் முறை. எல்லாவற்றையும் ஒரே கூரையின் கீழ் பார்க்கிற கம்பெனி முறையிலிருந்து இது வேறு. சொந்தமாக வேலை பார்க்கிறவருக்கு இந்த முறைதான் தோது. முழு லாரியையும் திண்டிவனத்துக்குக் கொண்டுபோக வேண்டியதில்லை. செல்ஃப் மோட்டாரையோ டைனமோவையோ ரேடியேட்டரையோ ஊரிலேயே கழற்றி, டி.வி.எஸ். வண்டியில் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வரலாம். கழற்றுவதும் மாட்டுவதும் நம் கை. உள் வேலை அந்தந்தக் கைக்காரர். செலவில் பெரிய வித்தியாசம் வருவது இங்கேதான்.

ஆனால் மெக்கானிக்கின் பிழைப்பையும் நாம் புரிந்துகொள்ள வேண்டும். பட்டறை மேஸ்திரிக்கு வருமானம் கூலியில் மட்டும் வருவதில்லை. ஸ்பேர் கடையிலிருந்து வாங்கும் சாமானில் அவருக்கு ஒரு பங்கு உண்டு. நாமே சாமான் வாங்கி வந்து, நாமே வேலையைப் பார்த்துவிட்டு, புல்லரையும் டார்க் ரெஞ்சையும் மட்டும் இரவல் கேட்டால் அவருக்கு என்ன மிஞ்சும்? அதனால் முதலிலேயே பேசிவிடுவது நல்லது. "மேஸ்திரி, கழற்றுறது நானும் தம்பியும் பார்த்துக்குறோம், நீங்க வந்து பார்த்து சொல்லணும், மாட்டும்போது கூட நிக்கணும்" என்று சொல்லி, அவர் வருகிற நேரத்துக்கு முழுக் கூலியையும் பேசிக்கொள்ள வேண்டும். கையில் கருவியைத் தொடாமல் பார்த்துச் சொன்னாலும் அது வேலைதான். முப்பது வருட அனுபவத்துக்குக் கூலி கேட்க அவர் கூச்சப்படுவார். கொடுக்க நாம் கூச்சப்படக் கூடாது. இரவல் வாங்கின கருவியைத் துடைத்து, அன்று மாலையே திருப்பிக் கொடுப்பதும், உடைந்தால் புதிது வாங்கித் தருவதும் இந்தத் தொழிலில் எழுதாத சட்டம். அதை மீறினவருக்கு அடுத்த முறை எந்த ஷெட்டிலும் ஒரு பாக்ஸ் ஸ்பேனர் கூடக் கிடைக்காது.

இன்னொரு பக்கமும் ஆள் இருக்கிறார்கள். அரசு ஐ.டி.ஐ.க்களில் டீசல் மெக்கானிக் ஓராண்டுப் படிப்பு; மோட்டார் வாகன மெக்கானிக் இரண்டாண்டு. படித்து முடித்த பிள்ளைகள் ஒரகடம் பக்கத்து ஆலைகளுக்குப் போய்விடுகிறார்கள், ஊர்ப் பட்டறையை அவர்கள் நினைப்பதே இல்லை. மேஸ்திரிகளுக்கோ வேலை கற்றுக்கொள்ளப் பையன்கள் கிடைப்பதில்லை. முன்பு பன்னிரண்டு வயதுப் பிள்ளையைக் கொண்டுவந்து விடுவார்கள். அந்த வழக்கம் ஒழிந்தது நல்லதுக்குத்தான். அதற்குப் பதிலாகப் படித்த இளைஞன் மரியாதையான சம்பளத்தோடு பட்டறையில் நிற்க ஒரு வழியை நாம் இன்னும் செய்யவில்லை. இந்த இடைவெளி என்னை உண்மையாகவே கவலைப்படுத்துகிறது.

வண்டிக்கு அடியில் போகும் முன்

இதைச் சொல்லாமல் சொந்த வேலையைப் பற்றி எழுதுவது பாவம். ஜாக்கி தூக்குவதற்கு மட்டும்தான், தாங்குவதற்கு அல்ல. ஆயில் ஜாக்கியின் உள்ளே இருப்பது ஒரு ரப்பர் சீல். அது எப்போது விடும் என்று யாராலும் சொல்ல முடியாது. தூக்கியதும் ஆக்ஸிலுக்கு அடியில் இரும்பு ஸ்டாண்டு கொடுங்கள். இல்லாவிட்டால் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கிய கெட்டி மரக் கட்டைகள். ஹாலோ பிளாக்கும் செங்கல்லும் வேண்டவே வேண்டாம், அவை விரிசல் விடாமலே நொறுங்கும். கழற்றாத சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை போடுங்கள்.

டிப்பர் வண்டிக்காரர்கள் இன்னும் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். பாடியைத் தூக்கிவிட்டு அடியில் குனிந்து ஹைட்ராலிக் ஹோஸை அவிழ்த்தவர்கள் அப்படியே நசுங்கியிருக்கிறார்கள். பாடியைத் தாங்க இரும்புத் தாங்கி கொடுக்காமல் தலையை நீட்டக் கூடாது. பின் சக்கரத்துப் பிரேக் சேம்பரில் பார்க்கிங் பிரேக்குக்காக ஒரு பெரிய ஸ்பிரிங் அழுத்தி வைக்கப்பட்டிருக்கிறது. அதைப் பூட்டாமல் பிரித்தால் மூடி பீரங்கிக் குண்டாகப் பாயும்; அதைத் தெரிந்தவரிடம் விட்டுவிடுங்கள். ரிங் போட்ட பழைய டிஸ்க் டயருக்குக் காற்று அடிக்கும்போது எதிரே நிற்காதீர்கள், ரிங் தெறித்து உயிர் போயிருக்கிறது. கூண்டுக்குள் வைத்து அடிக்கிற கடைக்குக் கொண்டுபோங்கள். டீசல் டேங்கில் நீங்களே வெல்டிங் வைக்காதீர்கள். காலி டேங்க் நிரம்பிய டேங்கை விட ஆபத்து. உள்ளே இருக்கிற ஆவிதான் வெடிக்கும். சேஸிஸில் எங்கே வெல்டிங் வைத்தாலும் முதலில் பேட்டரி கேபிளைக் கழற்றுங்கள். புது வண்டிகளில் ஒரு தீப்பொறி இ.சி.யு.வைச் சுட்டுவிடும்.

எவை நாமே செய்யத் தக்கவை? ஆயில், ஃபில்டர் மாற்றுவது, ஏர் எடுப்பது, பெல்ட், ஹோஸ், கிரீஸ், ஹப் பிரித்துப் பேரிங் பார்ப்பது, பிரேக் செட் பண்ணுவது, ஜாயின்ட் கிராஸ் மாற்றுவது, வயரிங்கில் துருப்பிடித்த முனைகளைச் சுத்தம் செய்வது. கூட அனுபவசாலி நின்றால் கிளட்ச், ஸ்பிரிங் பட்டை. டீசல் பம்பு கேலிபரேஷன், கிரவுன் செட்டிங், ஏர் பிரேக் வால்வு இவற்றில் கை வைக்காமல் இருப்பதே வீரம். பிரேக் வேலையைத் தானே பார்த்தாலும், ரோட்டில் இறங்கும் முன் இன்னொருவரைக் கொண்டு பார்க்க வையுங்கள். நம் வண்டியின் பிரேக்கை நம்பித்தான் எதிரே பள்ளிக்கூடப் பிள்ளைகள் சைக்கிளில் வருகிறார்கள்.

கைப்பழக்கம் எங்கிருந்து வந்தது

நம் ஆட்களின் கையில் இந்த வேலை வந்தது ஒரு காலத்து வண்டிகளால். 1948-ல் அசோக் மோட்டார்ஸ் என்று எண்ணூரில் தொடங்கி 1955-ல் அசோக் லேலண்ட் ஆன ஆலையும், 1954-ல் டெய்ம்லர் பென்ஸோடு சேர்ந்து லாரி செய்ய வந்த டாட்டாவும் கொடுத்த வண்டிகள், ஒரு ஸ்பேனர் செட்டும் ஒரு சுத்தியலும் இருந்தால் மரத்தடியில் பிரிக்கக் கூடியவை. 1986-ல் வந்த டாட்டா 407-ம் அப்படியே. ஒரு தலைமுறை மெக்கானிக்குகள் அந்த இன்ஜின்களின் சத்தத்தைக் கேட்டே கோளாறு சொன்னார்கள். நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பக்கத்தில் பாடி கட்டும் தொழிலும் லாரித் தொழிலும் வேரூன்றி, ஊரே பட்டறையாக மாறியது அந்த அடித்தளத்தில்தான். கோவையில் ஜி.டி. நாயுடு 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பஸ்ஸில் தொடங்கி யு.எம்.எஸ். கம்பெனியை வளர்த்தபோது, வண்டி ஓட்டுகிறவனே அதைப் பிரித்துப் பூட்டவும் தெரிந்தவனாக இருந்தான். தானே கற்ற கை அது.

யாழ்ப்பாணம் இதற்கு இன்னும் கடுமையான பள்ளிக்கூடம். 1990-களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் பெட்ரோலும் ஸ்பேரும் போகாத அந்தக் குடாநாட்டில், ஆஸ்டின் ஏ40, மோரிஸ் போன்ற பழைய கார்களை மண்ணெண்ணெயில் ஓட வைத்தார்கள். ஸ்டார்ட் பண்ண மட்டும் சில துளி பெட்ரோல். ஒரு சாமான் கெட்டால் புதிது வராது; இருப்பதைக் கடைந்து, ஒட்டவைத்து, வேறு எதிலிருந்தோ எடுத்துப் பொருத்தினார்கள். போரின் நடுவில் நோயாளிகளை ஆஸ்பத்திரிக்குச் சுமந்ததும் அந்த வண்டிகள்தான். பழுது பார்க்கத் தெரிந்த கை ஒரு சமூகத்துக்கு என்ன செய்யும் என்பதற்குத் தமிழர்களுக்கு வெளியே போய் உதாரணம் தேட வேண்டியதில்லை.

ஸ்கேனர் இல்லாமல் திறக்காத வண்டி

2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.6 வண்டி மட்டுமே விற்க வேண்டும் என்று ஆனது. புகை குறைந்தது, அது நம் பிள்ளைகளின் நுரையீரலுக்கு நல்லது. அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் மரத்தடி வேலைக்கு அது பெரிய அடி. டீசல் தவிர யூரியாக் கரைசலும் ஊற்ற வேண்டும்: 32.5 சதவீதம் யூரியா, மீதி சுத்தமான நீர். அது தீர்ந்தாலோ, கலப்படமாக இருந்தாலோ வண்டி தானே இழுவையைக் குறைத்துக்கொள்ளும். காமன் ரெயில் குழாயில் டீசல் ஆயிரக்கணக்கான பார் அழுத்தத்தில் நிற்கிறது. அந்த வேகத்தில் தெறிக்கும் டீசல் விரல் தோலைத் துளைத்து உள்ளே போகும். பழைய வண்டியில் நட்டைத் தளர்த்தி ஏர் எடுத்த பழக்கத்தில் இங்கே கை வைத்தால் விரலையே இழக்க நேரும். கோளாறு என்ன என்று தெரிந்துகொள்ளவே ஸ்கேனர் வேண்டும். அந்த ஸ்கேனரில் முழுத் தகவலும் கம்பெனியின் அங்கீகாரம் பெற்ற இடத்துக்குத்தான் திறக்கிறது.

இது வெளிநாட்டிலும் நடக்கிற சண்டை. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 2012-லேயே மக்கள் வாக்களித்து, வண்டியின் பழுதுத் தகவலை வெளிப் பட்டறைகளுக்கும் கம்பெனி தர வேண்டும் என்று சட்டம் கொண்டுவந்தார்கள். இந்தியாவில் நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கென்று ஓர் இணைய வாசலைத் தொடங்கியது. விவசாயக் கருவி, செல்போன், வீட்டு உபயோகப் பொருள் ஆகியவற்றோடு மோட்டார் வண்டியும் அதில் சேர்க்கப்பட்டது. நல்ல தொடக்கம். ஆனால் திண்டிவனத்து மேஸ்திரியின் கையில் ஸ்கேனரும், அதைப் படிக்கத் தமிழில் ஒரு கையேடும் வரும்வரை அந்த உரிமை தாளில்தான் இருக்கும். சர்வீஸ் மேனுவலைத் தமிழில் கொடுக்கச் சொல்லி லாரி உரிமையாளர் சங்கங்கள் இன்னும் உரக்கக் கேட்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். தமிழ்நாட்டில் இத்தனை லாரி விற்கிற கம்பெனிகளுக்கு அது ஒரு செலவே அல்ல.

பொதுப் பட்டறை

ஜெர்மனியில் வாடகைப் பட்டறை என்று ஒரு ஏற்பாடு ஊருக்கு ஊர் உண்டு. மணிக்கணக்கில் பணம் கட்டினால் லிஃப்ட், கருவிகள், வெளிச்சம், ஓரமாக நின்று ஆலோசனை சொல்ல ஒரு மெக்கானிக் எல்லாம் கிடைக்கும். வேலையை நாமே பார்த்துக்கொள்ளலாம். அமெரிக்க ராணுவ முகாம்களிலும் சிப்பாய்கள் தங்கள் வண்டியைத் தாங்களே சரிசெய்ய இதே மாதிரி கூடங்கள் வைத்திருக்கிறார்கள். நமக்கு இந்த எண்ணம் புதிதல்ல. ஊருக்குப் பொதுவான களம் நம்மிடம் இருந்தது, இருக்கிறது. டிராக்டரையும் அறுவடை இயந்திரத்தையும் வேளாண் பொறியியல் துறை வாடகைக்கு விடுகிறது. சிறு தொழிற்கூடங்கள் சேர்ந்து கேட்டால் பொது வசதி மையம் கட்ட அரசு மானியம் தரும் திட்டம் இருக்கிறது. சென்னை மாதவரத்தில் சி.எம்.டி.ஏ. லாரிகளுக்கென்றே ஒரு முனையம் கட்டிக் கொடுத்தது. பெருநகரத்துக்குத் தோன்றிய எண்ணம் உப்பும் ஜல்லியும் சுமக்கிற வட்டாரத்துக்கு ஏன் வரக் கூடாது?

பெரிதாக ஒன்றும் வேண்டாம். இரண்டு லாரி நிற்க கனமான சிமென்ட் தளம். மேலே தகரக் கூரை. காற்றோட்டமுள்ள ஒரு குழி. செயின் பிளாக் மாட்ட இரும்புச் சட்டம். மூன்று ஃபேஸ் கரண்ட், கம்ப்ரஸர், இருபது டன் ஜாக்கிகள், ஸ்டாண்டுகள், புல்லர், டார்க் ரெஞ்ச். எல்லோருக்கும் பொதுவாக ஒரு நல்ல ஸ்கேனர். பழைய ஆயில் பிடிக்கப் பேரல், மணல் வாளி, தீயணைப்பு சிலிண்டர், குடிநீர், கழிப்பறை. வாரத்தில் சில நாள் மேஸ்திரி ஒருவர் சம்பளத்துக்கு வந்து நிற்கலாம், அவரோடு ஐ.டி.ஐ. முடித்த இரண்டு பேர் பயிற்சியாளராக இருக்கலாம். வாடகை வசூலையும் கருவிக் கணக்கையும் மகளிர் குழு பார்த்துக்கொண்டால் கணக்கு சுத்தமாக இருக்கும், அவர்களுக்கும் வருமானம்.

கூரையை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இந்தப் பகுதி ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைகிற பூமி. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தபோது மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அந்த வெள்ளத்தில் நின்ற வண்டிகளின் ஹப்பிலும் கியர் பாக்ஸிலும் தண்ணீர் புகுந்தால் உடனே பிரித்து ஆயில் மாற்ற வேண்டும். தாமதித்தால் பேரிங் துருவேறிவிடும். எல்லா வண்டிக்கும் ஒரே நேரத்தில் வேலை, எல்லாப் பட்டறையும் தண்ணீரில். அப்படியொரு நாளில் மேட்டில் ஒரு பொதுக் கூடம் இருந்தால் நிவாரண வண்டியும் அங்கேதான் வந்து நிற்கும்.

காலமும் நெருக்குகிறது. மரக்காணம் – புதுச்சேரி சாலையை 46 கிலோமீட்டருக்கு நான்கு வழியாக்க 2025 ஆகஸ்ட்டில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. ரோடு அகலமானால் வண்டி கூடும். ரோட்டோரத்து ஷெட்டும் பஞ்சர் கடையும் பின்னால் தள்ளப்படும், சில காணாமலே போகும். இழப்பீட்டுக் கணக்கில் நிலத்துக்கு விலை போடுகிறார்கள். மேஸ்திரியின் நாற்பது வருட வாடிக்கைக்கு விலை போடும் கலம் அந்தப் படிவத்தில் இல்லை. அவர்களுக்கு மாற்று இடம் என்று யோசிக்கும்போது பொதுப் பட்டறையையும் சேர்த்தே யோசிக்கலாம்.

ஏரிப் புறம்போக்கும் மேய்ச்சல் நிலமும் வேண்டாம். குடியிருப்புக்குத் தள்ளி, ரோட்டுக்குப் பக்கத்தில், தண்ணீர் தேங்காத மேட்டு நிலம் சிறிதளவு போதும். தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. பிரம்மதேசத்தைச் சுற்றியுள்ள ஊர்களின் வண்டிக்காரர்களே, மேஸ்திரிகளே, அடுத்து வருகிற கூட்டத்துக்கு லோடைத் தள்ளிவைத்துவிட்டுப் போங்கள். எந்தச் சர்வே எண்ணில் இடம் இருக்கிறது, எத்தனை வண்டி பயன்படுத்தும், வாடகை எவ்வளவு கட்ட முடியும் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய்த் தீர்மானமாகப் பதிவு செய்யக் கேளுங்கள்.